குடி, குடும்பம், சபை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு சின்னக் குழு கூடுகிறது. குடிக்கிறவர்களும் வருவார்கள், குடியை விட்டவர்களும் வருவார்கள், ஆனால் அதிகம் வருவது அவர்களுடைய மனைவிகளும் அம்மாக்களும்தான். பலர் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. எல்லாம் முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போதுதான் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை, போதகரும் இல்லை. குடித்த அப்பாவுக்கு மகள்.

"குடிக்கவே கூடாது" என்று பைபிளில் எங்கே இருக்கிறது?

எல்லாருக்குமான கட்டளையாக எங்கேயும் இல்லை. இருக்கிறது என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தால், ஒருநாள் அவர்களே வாசித்துப் பார்த்துவிட்டு நாம் சொன்ன மற்றதையும் நம்பமாட்டார்கள். தங்களைத் தேவனுக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் நசரேய விரதம் எடுத்தவர்கள் மதுவைத் தொடக்கூடாது. ஆசாரியர்கள் ஆசரிப்புக் கூடாரத்துக்குள் போகும்போது தொடக்கூடாது. எரேமியா 35-ல் ரேகாபியர் என்று ஒரு குடும்பத்தார் வருகிறார்கள். முன்னோர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தொடாமல் இருந்தவர்கள். கர்த்தர் அவர்களைப் பாராட்டுகிறார். இன்னொரு பக்கம், சங்கீதம் 104 திராட்சரசத்தைத் தேவன் தந்த நன்மைகளின் வரிசையில் வைக்கிறது.

குடித்து வெறிப்பதற்கு மட்டும் எங்கேயும் இடமே இல்லை. எபேசியர் 5:18 அதை நேராகச் சொல்கிறது. ஆனால் என்னை உலுக்குவது நீதிமொழிகள் 23-ன் கடைசிப் பகுதி. அதை எழுதியவர் குடிக்கிறவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றும். "யாருக்குக் காரணமில்லாத காயங்கள்?" என்று கேட்கிறார். அப்பாவின் முழங்காலில் காலையில் ஒரு சிராய்ப்பு இருக்கும். எங்கே விழுந்தார் என்று அவருக்கே தெரியாது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாள், ஒன்றும் கேட்கமாட்டாள். அதிகாரத்தின் கடைசி வசனத்தில், அடிபட்டும் நோகவில்லை என்கிற அந்த மனுஷன், மறுபடியும் அதைத் தேடிப்போக எப்போது விழிப்பேன் என்கிறான். அடிமைத்தனம் என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்த மருத்துவப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

கானாவூர் கல்யாணத்தில் இயேசு தண்ணீரை மாற்றிக் கொடுத்தது வெறும் ஜூஸ்தானே?

தமிழில் வாசிக்கிற நமக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. "திராட்சரசம்" என்றால் பிழிந்த சாறு என்றுதான் காதில் விழுகிறது. ஆனால் யோவான் 2-ல் உள்ள கிரேக்கச் சொல் ஓய்னோஸ். எபேசியர் 5:18-ல் நம் பழைய மொழிபெயர்ப்பு "மதுபான வெறி" என்று சொல்கிற இடத்திலும் அதே ஓய்னோஸ்தான். ஒரே சொல், ஓரிடத்தில் ரசம், இன்னோரிடத்தில் மதுபானம். பந்தி விசாரிப்புக்காரன் பேச்சிலும் அப்படித்தான். "ஜனங்கள் திருப்தியடைந்தபின்பு" என்று நாம் வாசிக்கிறோம். மூலத்தில் இருப்பது குடித்து மயங்கியபின் என்கிற பொருளில் வரும் சொல்.

ஆகவே அது திராட்சை மதுதான் என்பது என் புரிதல். ஜூஸ்தான் என்று நம்புகிற நல்ல விசுவாசிகளும் உண்டு, அவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் கல்யாண வீட்டின் மானம் காத்த ஒரு அற்புதத்தை எடுத்து, ராத்திரி குவார்ட்டர் வாங்கப் போவதற்குச் சாக்காகப் பேசுவதைக் கேட்டால் வயிறு எரிகிறது.

அப்படியானால் அளவோடு குடிக்கலாமா?

ஏற்கெனவே அடிமையானவருக்கு அளவு என்ற ஒன்று கிடையாது. அவருக்கு ஒரு கட்டிங்கும் ஒரு ஃபுல்லும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். அவர் விஷயத்தில் இந்தக் கேள்வியையே எடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு, பவுல் ரோமர் 14:21-ல் சொல்வது போதும்: சகோதரன் இடறுவதற்கு ஏதுவானால் மதுபானம் பண்ணாமலிருப்பதே நல்லது. நம் சபைகளில் இடறுகிற சகோதரன் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னது, மருந்துக் கடைகள் இல்லாத காலத்து மருந்து. இன்றைய மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவு என்று ஒன்று இல்லை என்று 2023-ல் அந்த அமைப்பு சொன்னது. தொடாமலிருப்பதே நல்லது என்பது என் பக்கம். அதை நான் கட்டளையாகச் சொல்லவில்லை, பட்டவளாகச் சொல்கிறேன்.

குடி பாவமா, நோயா?

இந்தக் கேள்வியில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? பாவம் மட்டும்தான் என்றால் திட்டுவதோடு நிறுத்திவிடுவோம். நோய் மட்டும்தான் என்றால், அடமானம் வைத்த அம்மாவின் வளையலுக்கு யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும்.

காலையில் கை நடுங்குகிறது, ஒரு மடக்கு போனால்தான் நடுக்கம் நிற்கிறது. முன்பு ஏறிய அளவு இப்போது ஏறுவதில்லை. நிறுத்த வேண்டும் என்று அவரே அழுகிறார், சாயங்காலம் கால் தானாகக் கடைப்பக்கம் போகிறது. இது மூளையும் நரம்பும் மாறிப்போன நிலை, வைத்தியம் தேவைப்படும் நிலை. அந்த நிலைமைக்குப் பவுலிடமும் வார்த்தை இருக்கிறது: "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்." ரோமர் 7 குடியைப் பற்றியது அல்ல. ஆனால் எங்கள் குழுவில் அதை வாசித்தபோது, அதுவரை பேசாமல் இருந்த ஒரு லாரி டிரைவர் அண்ணன், "இது என்னைப் பற்றி எழுதினதுல்லா?" என்றார்.

உண்மையான விசுவாசம் இருந்தால் ஜெபித்தே விட்டுவிடலாமே? ஆஸ்பத்திரி எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள்.

அப்பா பாடகர் குழுவில் இருந்தார். நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார், கை நடுங்குவது தெரியாமலிருக்க. எனக்குப் பதினாலு வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனோம். பிரசங்கியார் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து ஜெபித்தார். "இந்த நிமிஷத்திலிருந்து விடுதலை, இனி ஒரு சொட்டுத் தொடமாட்டார்" என்றார். கூட்டமே அல்லேலூயா சொன்னது. அப்பா அழுதார். அம்மாவும் நானும் அழுதோம். அப்பா சொன்னபடியே தொடவில்லை.

மறுநாள் வேர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டார். ஒரு எறும்பும் இல்லை. சுவரில் யாரோ நிற்பதாகக் கத்தினார். என்னை யார் என்று கேட்டார். பிசாசு போராடுகிறது என்று வீட்டில் கூடி உரக்க ஜெபித்தோம். அப்போது கை கால் இழுத்து வாயில் நுரை வந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஜெபத்தை வண்டியில போகும்போது பண்ணலாம், தூக்குங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அப்பா பிழைத்தார்.

வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தம் கலங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். ஆஸ்பத்திரியில் வலிப்பைத் தடுக்க மருந்து கொடுப்பார்கள், வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள், சில நாட்கள் வைத்துக் கவனிப்பார்கள். விட வேண்டும் என்று முடிவெடுத்தவர் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு விட வேண்டும். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் வீட்டில் வைத்து முயற்சி செய்யவே கூடாது.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். அப்பா குடியை விட்டது ஜெபத்தாலும்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். லாசருவை உயிரோடு எழுப்பினது இயேசு. ஆனால் கட்டுகளை அவிழ்க்கச் சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். நல்ல சமாரியனும் காயம்பட்டவனுக்காக ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போகவில்லை. காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான், இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்கலாமா?

கூடாது. விளம்பரத்தில் வருகிற பொடி, சொட்டு மருந்து எதையும் வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். டாக்டர் சோதித்துப் பார்த்து, குடிக்கிறவரே தெரிந்து சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது. குடிக்கும் ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. அவையும் டாக்டர் சொல்லித்தான்.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் குழு) கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அது கிறிஸ்தவ அமைப்பா? "மேலான சக்தி" என்கிறார்களே, போகலாமா?

கிறிஸ்தவ அமைப்பு இல்லை, ஆனால் பிறந்தது நம் வீட்டுத் திண்ணையில்தான். 1935 மே மாதம் பில் வில்சன் என்ற பங்குத் தரகர் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்துக்கு வேலையாகப் போனார். போன காரியம் கெட்டுப்போனது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆன மனுஷன், ஓட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார், பக்கத்தில் மதுக்கூடம். அங்கே மாட்டியிருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு குருவானவருக்கு போன் செய்தார். தன்னைப் போல இன்னொரு குடிகாரரிடம் பேசியாக வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. இரண்டு பேருமே ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கத்தில் இருந்தவர்கள். பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, தன் தவறுகளை இன்னொரு மனுஷனிடம் ஒளிக்காமல் சொல்வது. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16-ஐ வாசித்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

"மேலான சக்தி" என்று பொதுவாகச் சொல்வது எல்லா மதத்தாரும் வரவேண்டும் என்பதற்காக. உங்கள் அப்பா அங்கே இயேசுவை நினைத்துக்கொண்டு உட்காரட்டும், யாரும் தடுக்கமாட்டார்கள். காசு கிடையாது, ஊர் பெயர் கேட்கமாட்டார்கள். குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அம்மா அதற்குப் போகலாம்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அப்பா ஏ.ஏ.வில் முதல் நாளே, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டார். இருபது வருஷம் பாடின சபையில் ஒரு நாளும் அதைச் சொல்ல முடியவில்லை. சபையில் சாட்சி சொல்லலாம், ஆனால் எல்லாம் சரியான பிறகுதான் சொல்லலாம். இன்னும் சரியாகாதவன் வாய் திறக்க நம்மிடம் இடமில்லை. அந்த இடத்துக்காகத்தான் எங்கள் சனிக்கிழமைக் குழுவே.

திருவிருந்தில் ரசம் வாங்கலாமா?

விட்டவருக்கு மது கலந்த ஒரு வாய் கூட ஆபத்துதான், ருசியும் வாசனையுமே போதும். உங்கள் சபையில் கொடுப்பது புளித்ததா புளிக்காததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புளிக்காத ரசத்தை வைக்கும் வழக்கம் பழையது. 1869-ல் தாமஸ் வெல்ச் என்ற மெத்தடிஸ்ட் பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாத்தது திருவிருந்துக்காகத்தான். கத்தோலிக்கருக்குச் சிக்கலே இல்லை: அப்பத்தை மட்டும் வாங்கினாலும் கிறிஸ்து முழுமையாகக் கிடைக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. அப்பம் மட்டும் வாங்கிவிட்டு எழுந்துபோகும் ஒருவரைப் பார்த்தால், ஏன் என்று கேட்காதீர்கள்.

எட்டு மாதம் விட்டிருந்தார், மறுபடி குடித்துவிட்டார். எல்லாம் வீணா?

இல்லை. எட்டு மாதம் எட்டு மாதம்தான், அதை யாரும் பிடுங்க முடியாது. அப்பாவும் இரண்டாவது வருஷத்தில் ஒரு சாவு வீட்டில் விழுந்தார். அன்று ராத்திரி அவர் வீட்டுக்கு வரவில்லை. வெட்கத்தில் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தார். குடித்ததைவிட அந்த வெட்கம்தான் அவரை அடுத்த குடிக்குத் தள்ளியிருக்கும். ஏ.ஏ.வில் அவருக்குத் துணையாக இருந்த மாமா போய்க் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "இன்னைக்கு ஒரு நாள் பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம், சாகும்வரை, அப்பா தொடவில்லை.

விழுந்தால் உடனே டாக்டரிடமும் குழுவிடமும் போகச் சொல்லுங்கள். எதனால் விழுந்தார் என்று தெளிந்த பிறகு பேசுங்கள்: சம்பள நாளா, பழைய கூட்டாளியா, தூக்கமின்மையா. "சத்தியம் பண்ணினீங்களே" என்று தொடங்காதீர்கள். எங்கள் வீட்டில் பைபிள்மேல் வாங்கிய சத்தியங்களுக்கு எண்ணிக்கையே இல்லை, ஒன்றும் நிற்கவில்லை.

"பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு" என்கிறார்கள். மனைவி என்னதான் செய்வது?

1 சாமுவேல் 25-ல் அபிகாயிலைப் பாருங்கள். புருஷன் நாபால் தன் முரட்டுத்தனத்தால் வீட்டுக்கே அழிவை இழுத்துவிட்டான். அவள் அவனைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, கழுதைகளில் அப்பமும் ஆட்டிறைச்சியும் ஏற்றிக்கொண்டு தானே போய் வீட்டைக் காப்பாற்றினாள். திரும்பி வந்தபோது அவன் வெறித்திருந்தான். விடியும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறி தெளிந்த பிறகு சொன்னாள். இரண்டும் பாடம். போதையில் இருப்பவரிடம் பேசாதீர்கள், காலையில் பேசுங்கள். அவர் பொருட்டு வீட்டை அழியவிடாதீர்கள்.

அவருக்காகப் பொய் சொல்வதை நிறுத்துங்கள். வேலையிடத்துக்கு போன் செய்து "காய்ச்சல்" என்று அம்மா சொன்ன ஒவ்வொரு தடவையும் அப்பாவின் குடிக்கு இன்னும் ஒரு மாதம் கிடைத்தது. கடனை அடைக்காதீர்கள், சம்பளம் வருகிற கணக்கையும் நகையையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

அடித்தால் பொறுக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுவது பாவமில்லை, விசுவாசக் குறைவும் இல்லை. பெண்கள் உதவி எண் 181. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. அடிவாங்குகிறவளிடம் சிலுவையைச் சுமக்கச் சொல்கிற போதகரை நான் மரியாதையோடு மறுக்கிறேன்.

கட்டாயமாகத் தூக்கிக் கொண்டுபோய் மறுவாழ்வு மையத்தில் போடலாமா?

ராத்திரியில் நாலு பேர் வந்து கட்டித் தூக்கிப் போகிற இடங்களை நம்பாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது, விருப்பமில்லாதவரைச் சேர்ப்பதற்கு நிபந்தனைகள் உண்டு. சேர்ப்பதற்கு முன் மையம் அரசிடம் பதிவு பெற்றதா, டாக்டர் தினமும் வருகிறாரா, வீட்டார் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். கிறிஸ்தவப் பெயர் இருப்பது மட்டும் போதாது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் இதற்கு வைத்தியம் உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மானஸ் மனநல எண். இரண்டுமே இலவசம்.

டாஸ்மாக்கை மூடினால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

கடை வாசல் குறைந்தால் நல்லதுதான், அதற்காகப் போராடுகிற பெண்களோடு நான் நிற்பேன். ஆனால் 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு வந்ததிலிருந்து 1971-ல் அது தளர்ந்தது வரைக்கும் பார்த்தாலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததைப் பார்த்தாலும், நோயாளிக்கு வைத்தியம் இல்லாமல் கடையை மட்டும் பேசுவது போதாது என்பது தெரியும். சபை இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: நம் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழர்களுக்கு என்று பின்கட்டில் பாட்டில் வைப்பதை நிறுத்தலாம். தோழனுக்குக் குடிக்கக் கொடுத்து வெறிக்கப்பண்ணுகிறவனுக்கு ஐயோ என்று ஆபகூக் 2:15 சொல்கிறது.

என் தம்பி குடித்தே செத்துப்போனான். "வெறியர் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை" என்று அடக்க ஆராதனையில் வாசித்தார்கள். அவன் எங்கே இருப்பான்?

முதலில், அந்த வசனத்தைச் சவப்பெட்டி முன்னால் வாசித்தது தவறு. 1 கொரிந்தியர் 6:10 உயிரோடிருப்பவர்களை எச்சரிக்க எழுதப்பட்டது. அடுத்த வசனத்தையாவது சேர்த்து வாசித்திருக்க வேண்டும்: "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும்..." கொரிந்து சபையின் வரிசைகளிலேயே பழைய குடிகாரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் தம்பியின் முடிவை அறிந்தவர் தேவன் ஒருவரே. பிரசங்கியாருக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது.

என் சித்தப்பாவும் அப்படித்தான் போனார். அப்பாவுக்குக் கிடைத்த டாக்டரும் குழுவும் அவருக்கு வாய்க்கவில்லை. சாயங்கால ஜெபம் நடக்கும்போது கோயில் காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வாங்க என்றால், "வாடை அடிக்கும்மா, நீ போ" என்பார். அப்பா பாடுகிற பாட்டு ஜன்னல் வழியாக வெளியே கேட்கும். சித்தப்பா தலையைக் குனிந்தபடி உதட்டை மட்டும் அசைப்பார். லூக்கா 18-ல் தூரத்திலே நின்று, கண்களை வானத்துக்கு ஏறெடுக்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேப்பமரம்தான் கண்முன் வருகிறது.